திமிலை வாங்கப் போன அண்ணன்

குளியலறை வாளியில் கடல்நீரோடு ஒரு மீன் கிடந்தது. தட்டுபோல வட்டமாக, மண் நிறத்தில், குட்டையான வாலோடு. அண்ணன் அதை மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பஸ்ஸில் கால்களுக்கிடையே வைத்துக் கொண்டுவந்திருந்தான். "தொட்டுப் பாரு பாப்பா, ஒண்ணும் ஆகாது" என்றான். தொட்டேன். முழங்கை வரை வெடுக்கென்று இழுத்தது. கை தானாக மேலே துள்ளியது. அந்த நாட்களில் மாலையானால் தலைவார ஒரு சீப்பைத் தூக்கக்கூட என்னால் முடியாது. அந்தக் கையா இது என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் சிரித்தேன். தசை தளர்ந்த முகத்தில் என் சிரிப்பு அழுகைபோலத்தான் தெரியும் என்பதால் வீட்டில் யாரும் என்னைச் சிரிக்கவைப்பதில்லை. அண்ணன் மட்டும் விடமாட்டான்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், அந்த நோய் வந்தது. காலையில் எல்லோரையும்போல எழுவேன். பிற்பகலில் இமைகள் இறங்கிவிடும். பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோகும். உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவேன். சோம்பேறி என்றார்கள், கல்யாணத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள். கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். சில நிமிடங்களில் என் இமைகள் தாமாக மேலேறின. எதிரில் நின்ற அண்ணன், அது ஆஸ்பத்திரி என்பதையே மறந்து, "அம்மா, அவ கண்ணப் பாரும்மா!" என்று கத்தினான்.

அண்ணன் அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயறு முளைக்கும்போது சுரக்கும் ஏதோ ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தான். அந்த ஊசிக்குப் பிறகு அதை விட்டுவிட்டான். நரம்பு சொல்வதைத் தசை கேட்பதற்கு, தசைச் செல்லின் சவ்வில் ஒரு புரதம் வாசல்போலத் திறக்க வேண்டும். என் உடம்பே அந்த வாசல்களை அழித்துக்கொண்டிருந்தது. "மாத்திரை வாசலச் சரிபண்ணலை, பாப்பா. நரம்பு அனுப்புற ரசாயனத்தக் கரைக்கிற நொதிய மட்டும் கொஞ்ச நேரம் கட்டிப்போடுது. அதனாலதான் நாலு மணி நேரத்துல மறுபடியும் போடுறே" என்பான். அந்த வாசல் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் அவனைத் தூங்கவிடவில்லை. நம் தசையில் துளியளவே இருக்கும் அந்தப் புரதம், அவன் வாளியில் கொண்டுவந்த, ஷாக்கடிக்கும் அந்தத் திருக்கை மீனின் உடம்பில் அடுக்கடுக்காக இருக்கிறது. கடற்கரையில் அதற்குத் திமிலை என்று பெயர். வலையில் வந்தால் மணலில் வீசிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் அழைத்துப் போனான். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. கூடையோடு இருந்த ஓர் அம்மாள் இவனைப் பார்த்ததும் தனியாக எடுத்து வைத்திருந்த திமிலைகளைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"இத்த எவனாவது துன்னுவானா? வூட்டுக்கு எடுத்துகினு போயி இன்னாதான் சார் பண்ற?"

"திங்க இல்லக்கா. இவளுக்காகத்தான்."

அவள் எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "கண்ணு நல்லாத்தான கீது?"

"காலையில நல்லாருக்கும்" என்றேன்.

"அப்ப பாக்க வேண்டியதெல்லாம் காலையிலயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கூடையிடம் திரும்பிவிட்டாள். அண்ணன் கடலைப் பார்த்து நின்றான். என் பக்கம் திரும்ப அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

புரதத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது, பார்க்க முடியவில்லை. அதற்கான நுண்ணோக்கி வெளிநாட்டில்தான் இருந்தது. அங்கே ஓர் ஆய்வுக்கூடம் அழைத்தும் அவன் போக மறுத்தான். எனக்கு அப்போது மூச்சுத் திணறல் வந்து தணிந்திருந்த சமயம். நான்தான் அவனோடு சண்டை போட்டேன். "நீ இங்க உக்காந்து என்னப் பாத்துகிட்டிருந்தா, அதை யாரு பாக்கறது?" என்று கேட்டேன். மூக்கால் வந்த என் குரலுக்கு அவன் எப்போதும்போல இறங்கிவந்தான்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு மாலையில் போக வேண்டியிருந்தது. என் முகம் திறந்திருக்கும்போதே அவன் என்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று மாத்திரையைத் தள்ளிவைத்து, கிளம்பும் நேரத்தில் போட்டுக்கொண்டேன். அங்கே நன்றாகப் பேசினேன், சிரித்துக்கூடக் காட்டினேன். அம்மாவுக்கு ஆச்சரியம். அண்ணன் என் கண்களையே பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எப்ப போட்டே?"

சொன்னேன்.

"அப்ப நான் உள்ள போற வரைக்கும் தாங்கும்" என்றான். தாங்கியது.

ஒரு குளிர்காலத்தில் அங்கே பனியில் கார் சறுக்கி அவன் இறந்துபோனான். அந்தப் புரதத்தின் உருவம் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்த காலம் அது என்று பின்னால் சொன்னார்கள். அவன் எவ்வளவு பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. அவன் ஆராய்ச்சியிலிருந்து எனக்கென்று நேரடியாக எதுவும் வந்து சேரவில்லை. வேறு மருந்துகளும் ஓர் அறுவைச் சிகிச்சையும்தான் என்னைப் பிழைக்கவைத்தன. வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். அண்ணனைவிட இப்போது நான் எவ்வளவோ மூத்தவள். ஆனாலும் ஏதாவது நல்ல சேதி காதில் விழுந்தால் அவனிடம் சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது.

போன மாதம் என் நரம்பியல் டாக்டர், என் மகள் வயதுப் பெண், கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தார். "இதாம்மா அந்த ரிசப்டர். உங்க பிரச்சனையெல்லாம் இதுலதான்." ஐந்து சுருள்தூண்கள் வட்டமாகச் சேர்ந்து நின்றன, நடுவே ஒரு குறுகிய வாசல். மேலிருந்து காட்டச் சொன்னேன். பக்கவாட்டில் காட்டச் சொன்னேன். திருப்பித் திருப்பிக் காட்டினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படுத்தவில்லை.

"அழகா இருக்கு" என்றேன்.

தன்னிடம் சொன்னதாக நினைத்து, "ஆமாம்மா" என்றார் டாக்டர்.