கத்திரி நடும் தேதி

எங்கள் ஊரில் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். மகளுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்றுகூடக் கேட்கலாம். கத்திரி நாற்று எப்போது நடப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் உண்மையான பதில் கிடைக்காது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற ஊர். கொல்லை, அதாவது தோட்ட நிலம், வைத்திருக்கிறவர்கள் எல்லோருமே காய்கறி போடுகிறவர்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால், எல்லோருடைய காயும் ஒரே வாரத்தில் திண்டிவனம் மார்க்கெட்டில் போய்க் குவியும். பிறகு மாட்டுக்குத்தான் போடவேண்டும். அதனால் நடுகிற நாளை ஒவ்வொரு வீட்டிலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல மறைப்பார்கள். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. வந்தபோது இந்தப் பொய் வராது. இப்போது நன்றாகவே வரும்.

அந்த வருஷம் மறைப்பதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கார்த்திகையில் வந்த புயல், கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீரை நிறுத்திவிட்டுப் போனது. நட்டு வேர் பிடித்திருந்த கத்திரி அத்தனையும் அழுகிற்று. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு மார்கழியில் மறுபடி நட்டோம். தை பிறக்கிற சமயத்தில் காலமில்லாத காலத்தில் ஒரு மழை, அதன்மேல் பனி. அதுவும் போயிற்று. மூன்றாவது தடவைக்கு என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடி விதை. எங்கள் செடியிலேயே பழுக்கவிட்டு எடுத்த விதை. வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பாத்தி கட்டி அதைத் தூவினேன்.

என் கணவர் பாத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுவும் போச்சுன்னா சவுக்கு வச்சிடலாம். நாலு வருஷத்துக்கு அந்தப் பக்கமே போகத் தேவையில்ல. பையன் வீட்டுல போய் இருந்துக்கினு வரலாம்" என்றார்.

சவுக்கு எங்கள் பக்கத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்களின் பயிர். வைத்துவிட்டுப் போனால் வெட்டுவதற்கு வந்தால் போதும். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தடவையும் சேற்றில் நின்று வடிகால் வெட்டியது அவர்தான், முட்டிவலியும் அவருக்குத்தான். ஆனால் மகன் வீட்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, கதவைத் திறந்து கொரியர் வாங்கி வைக்கிற உத்தியோகத்துக்கு நான் லாயக்கில்லை. காலையில் எழுந்தால் போய் நிற்பதற்கு எனக்கு ஒரு கொல்லை வேண்டும். அது இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று பயமாக இருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

நாற்று தயாராகிவிட்டது. எப்போது நடுவது என்பதுதான் வழக்கு. விழுப்புரத்தில் வேலை பார்க்கிற என் கொழுந்தனார் தினமும் போன் செய்து, "அண்ணி, கடல்ல இன்னொண்ணு உருவாகுதாம். அவசரப்படாதீங்க" என்பார். அவர் செல்போனில் பார்க்கிற கடலில் எப்போதும் ஏதாவது ஒன்று உருவாகிக்கொண்டே இருந்தது. நானோ பனிக்குப் பயந்தேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சையே துளைக்கிற பனிக்கு என் நாற்று எம்மாத்திரம்? ஆனால் காத்திருந்தால் நாற்று முற்றிப்போகும், நடுவதற்கு ஆகாது. என் கணவருக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் தாள்களைப் புரட்டி, மாசி முதல் வாரத்தில் மேல்நோக்கு நாளாக ஒரு புதன்கிழமையைக் கண்டுபிடித்தார். மண்ணுக்கு மேலே காய்ப்பதை மேல்நோக்கு நாளில்தான் நடவேண்டும். புயலுக்கு முன்னால் நட்டதும் மேல்நோக்கு நாள்தானே என்று கேட்டேன். அவர் அந்தத் தாளின் முனையை மடித்துவைத்தார்.

பக்கத்துக் கொல்லைக்கார அக்கா அந்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எப்போ நடற தங்கச்சி?"

"எங்கக்கா, நாத்தே சரியா வரல. மாசி பாதிக்கு மேலதான் பாக்கணும். நீங்க?"

"நான் இந்த தபா கத்திரியே வைக்கல. ஒரே பேஜாரு. மல்லாட்டையப் போட்டுட்டு சும்மா கெடக்கறேன்."

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. ஆனால் அவர் வீட்டுப் பின்பக்கம் பழைய புடவையைப் போட்டு மூடியிருந்த நாற்றுப் பாத்தியை நான் முந்தின நாளே பார்த்திருந்தேன். எங்கள் பாத்தியை மூடியிருந்த புடவையை அவரும் பார்த்திருப்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு பிரிந்தோம்.

புதன்கிழமை, ஊர் எழுவதற்கு முன்னால் நட்டுவிடவேண்டும் என்று விடிகிற நேரத்துக்கே நாற்றுக் கூடையோடு கிளம்பினோம். வரப்பில் திரும்பினால் எங்களுக்கு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தார், தலையில் கூடை. அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு கூடை. வெளிச்சம் வந்ததும் பார்த்தால், சுற்றியிருந்த அத்தனை கொல்லையிலும் ஆட்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்து நகைக்கடை ஒன்று ஊர் முழுக்க ஒரே காலண்டரைக் கொடுத்திருந்தது. ஒருவரிடம் ஒருவர் அவ்வளவு பொய் சொன்ன நாங்கள், இதை மட்டும் யோசிக்கவில்லை.

"இன்னாக்கா, மல்லாட்டையா?" என்றேன்.

"ஆமா. மாசி பாதி அதுக்குள்ள வந்துடுச்சா உனக்கு?" என்றார் அவர், நிமிராமலே.

கடலில் உருவானது வேறெங்கோ போய்விட்டது. பனியும் பெரிதாகத் தொல்லை பண்ணவில்லை. கத்திரி பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. சித்திரையில் முதல் பெரிய பறிப்பை மூட்டை கட்டி குட்டி யானை வேனில் ஏற்றிவிட்டு, நாங்கள் பைக்கில் பின்னாலேயே போனோம். மார்க்கெட்டில் எங்கள் மூட்டையை இறக்க இடமில்லை. வியாபாரிகள் கத்திரிக்காயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். அழுகியிருந்தால் புயலைத் திட்டியிருக்கலாம். காய்த்துத் தொலைத்துவிட்டது. இனி சவுக்குதான் என்று அவர் சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

மார்க்கெட் வாசலில் டீ குடிக்கும்போது அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் மூட்டையும் பாதி திரும்பியிருந்தது.

"ஆடிக்கு இன்னா வைக்கப்போற தம்பி?" என்று என் கணவரைக் கேட்டார்.

"இனிமே காய்கறிப் பேச்சே வேணாங்க்கா. சவுக்குதான். கன்னுக்குக்கூட சொல்லிட்டேன்" என்றார் அவர்.

நர்சரியில் சவுக்குக் கன்றுக்குச் சொல்லிவைத்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா, "நல்ல முடிவு. நானும் அதான் நெனச்சிக்கினு இருக்கேன்" என்று தலையாட்டினார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குத் திரும்புகிற பிரிவு வரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் தாங்கவில்லை.

"எந்த நர்சரியில கன்னுக்குச் சொன்னீங்க?"

"எந்தக் கன்னு?"

"சவுக்குக் கன்னு. அக்காகிட்ட சொன்னீங்களே."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அந்தம்மாகிட்ட வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "வெதைக்குக் காய் வுட்டு வச்சிக்கிறியா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நாலு செடியில வுட்டிருக்கேன்."

"நாலு பத்தாது" என்றார்.