காயும் பார்க்கவேணும்

வல்வெட்டித்துறையில் எங்கள் வீட்டு வளவின் நடுவே ஒரு மரம் நின்றது. பாட்டனார் பாய்க்கப்பலில் போன காலத்தில் ஏதோவொரு துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த விதையாம். பட்டையைக் கீறினால் மஞ்சள் பிசின் வடியும். தணலில் போட்டால் வீடே கோயிலாய் மணக்கும். அதனால் குங்கிலிய மரம் என்றே எல்லோரும் சொல்லிவந்தோம். அது பூத்து ஒருவரும் கண்டதில்லை.

அதை வெட்ட அப்பா தீர்மானித்தபோது எனக்கு எட்டு வயது. கொடிகாமத்திலிருந்து அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்தியிருந்தது. சீதன வீட்டுக்கு அத்திவாரம் போட வளவில் வேறு இடமில்லை.

உயர்தர வகுப்பில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, மேசன் கயிறு பிடிக்க வந்த அன்று மரத்தடியில் போய் நின்றுகொண்டாள்.

"இது குங்கிலியம் இல்லை அப்பா. இலையைப் பாருங்கோ, சோடி சோடியாய் இருக்கு. அவரைக் குடும்பம் எண்டு நினைக்கிறன். பூத்தால்தான் நிச்சயமாய்ச் சொல்லலாம். அதுவரைக்கும் வெட்டாதேங்கோ."

"எந்தக் குடும்பமாய் இருந்தால் என்ன பிள்ளை? விறகுக்குத்தானே போகுது!"

"என்ன மரமெண்டு தெரியாமல் வெட்ட விடமாட்டன்."

குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லை. மேசன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். எத்தனையோ புயலில் கப்பலோட்டிய அப்பா, வெயில் சாயும் நேரத்தில் இறங்கிவந்தார். "பூக்கிறவரைக்கும்தான்" என்றார்.

மரம் அவசரப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இருமுறை ஆளனுப்பினார்கள். அக்கா பரீட்சையும் எழுதி முடித்தாள். அதன்பிறகுதான் உச்சிக்கிளையில் வெள்ளைப் பூக்கள் தெரிந்தன. ஏணி வைத்து ஏறிப் பறித்துவந்து, எங்கள் முன்னால் ஒன்றை பிளேட்டால் பிளந்தாள்.

"அஞ்சு இதழ், பத்துக் கேசரம். நடுவிலை பாருங்கோ, அவரைப் பிஞ்சு மாதிரி. எங்கடை புளியமரத்துக்குக் கிட்டின சொந்தம்."

"சரி, சொந்தம் தெரிஞ்சிட்டுது. நாளைக்கு வெட்டுவம்."

அக்காவின் முகம் வெளிறியது. "காயும் பார்க்கவேணும்" என்றாள்.

அப்பா கோபத்தோடு எழுந்தார். அதுவரை வாயே திறக்காத அம்மா அப்போதுதான் பேசினாள். "ஓம், இஞ்சேருங்கோ, காய் பார்க்காமல் எப்பிடிக் குடும்பம் சொல்லுறது?"

காய்கள் பிடித்து, தடித்து, முற்ற வெகுகாலம் எடுத்தது. கொடிகாமத்தார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்தது.

அவள் பஸ் ஏறிய அன்று, மரத்தடியில் விழுந்துகிடந்த காயொன்றைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, காய் முத்தீட்டுது! வந்து பாருங்கோ!"

அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சிரித்தாள். அவ்வளவு பிடிவாதமாகக் காத்திருந்த காயில் அம்மாவுக்கு ஏன் திடீரென்று ஆசை விட்டுப்போனது என்று எனக்கு விளங்கவேயில்லை.