நீராவிக்கு மெலிசுக் கோடு

என் அக்காவுக்கு வளைந்து கொடுக்க வராது. சமையல் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் குழாய் வரைபடம் போடுகிறாள். எண்ணெய் ஓடும் குழாய்க்குத் தடித்த கோடு. அதற்கு உதவியாக வரும் தண்ணீர், காற்று, நீராவிக்கெல்லாம் மெலிசுக் கோடு. அவ்வளவுதான் சட்டம். ஆனால் தன் குழாய் மெலிசு என்றால் எந்த அதிகாரிக்குத்தான் பொறுக்கும்? ஆளாளுக்கு அவள் மேஜைக்கு வந்து, "கொஞ்சம் தடிமனாப் போடக் கூடாதா மேடம்?" என்று குழைவார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.

இப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை, போயும் போயும் அதே ஆலையின் பாய்லர் பிரிவுத் தலைவருடைய மகளைக் காதலித்தான். பெண் தங்கமானவள். அவள் அப்பாவுக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கல்யாணத்துக்கு நாள் குறிக்க இருந்த வாரம் பார்த்து ஒரு புது வரைபடம் அவர் கையெழுத்துக்குப் போனது. அதில் அவருடைய நீராவிக் குழாய் நூல் மாதிரி ஓடியது.

"என் நீராவி இல்லாம உங்க எண்ணெய் ஒரு சொட்டு நகருமா? முதல்ல இதைத் தடிமனாக்குங்க, அப்புறம் கல்யாணம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பையன் அழாத குறையாக என்னிடம் ஓடிவந்தான். "மாமா, ஒரே ஒரு கோடு. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க."

எனக்கும் எரிச்சல்தான். பெற்ற பிள்ளையைவிடக் கோடு பெரிதா என்று அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"எல்லாத்தையும் தடிமனாக்கினா, அவசரத்துல எந்த வால்வை மூடுறதுன்னு எப்படிடா தெரியும்?" என்றாள்.

கடைசியில் பெண்ணே அப்பாவைச் சமாதானப்படுத்தி அக்கா வீட்டுக்கு அழைத்துவந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் வெயிலைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. அக்கா, அவர் திருப்பி அனுப்பிய வரைபடத்தை விரித்தாள்.

"சார், இது எண்ணெயோட ஷீட். நீராவி இதுக்கு வெளியில இருந்து வருது, அதான் மெலிசு. உங்க பாய்லர் ஷீட்டுல அதுதான் ராஜா. அங்க தடிமனாத்தானே போட்டிருக்கேன்?"

"அந்த ஷீட்டை எங்க ஆளுங்க மட்டும்தானே பாக்குறாங்க" என்றார் அவர், கொஞ்சம் பாவமாக.

பெண் மெல்லக் கேட்டாள்: "அத்தை, நானும் இந்த வீட்டுக்கு வெளியில இருந்துதான் வரேன். அப்போ நானும் மெலிசுதானா?"

அக்காவுக்குப் பொய் சொல்லவும் வராது.

"இந்த வீட்டு ஷீட்டுல, ஆமாம்மா" என்றாள்.

பாய்லர்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதனாலதான் உங்க ரெண்டு பேருக்கும் வேற வீடு பாத்திருக்கேன். அது புது ஷீட். அதுல நீங்க ரெண்டு பேரும்தான் தடிமன். நான் வெளியில இருந்து வந்து போற மெலிசுக் கோடு."

சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது. பிள்ளையை ஒரு நாள்கூடப் பிரிந்திராதவள்.

பாய்லர்காரர் ஒற்றைச் செருப்போடு நின்றார். "அந்த ஷீட்டுல நான்?"

"நீங்களும் மெலிசுதான் சார்."

"உங்க அளவுக்கா?"

"அதே அளவு. ஒரு மயிரிழைகூடக் கூடாது, குறையாது."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து பேனா கேட்டார்.