நாங்கள் ஜெயிக்க வைத்தவர்

மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்த வரிசையில் என் கணவர்தான் கட்சிக்காரர். பகலில் மில் வேலை, மாலையில் கட்சி. பணக்காரனுக்கு ஒரு கட்சி இருக்கும்போது கூலிக்காரனுக்கும் ஒன்று வேண்டாமா என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் நம்பிக்கை வந்தது. தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்த நோட்டீஸை நானும் வீடு வீடாகக் கொடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த தேர்தலில் எங்கள் கட்சி ஒரு வக்கீலை நிறுத்தியது. மல்லேஸ்வரத்துக்காரர், எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிட்டவர். ஓட்டுப்போடும் நாள் நெருங்கியபோது ஆளுங்கட்சி ஆட்கள் ஊர்வலத்தில் புகுந்து அடித்தார்கள். வக்கீலைக் குறிபார்த்து எறிந்த கல்லுக்குக் குறுக்கே என் கணவர் போனார். இடது கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவரிடம் வக்கீல் ஜெயித்துவிட்டார் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த வருஷம் முடிவதற்குள் வக்கீல் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். எதிர்க்கட்சியில் இருந்து கத்தினால் தெருவுக்கு ஒரு குழாய்கூட வராது, மந்திரிகளோடு இருந்தால்தான் உங்களுக்கு ஏதாவது செய்ய முடியும் என்று விளக்கினார்.

"கொள்கை மனசுல இருக்குதுப்பா. கட்சி எதுவா இருந்தா என்ன?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ அன்னைக்கே அந்தக் கட்சியில நின்னிருக்கலாமே சார். இவரு கண்ணாவது மிஞ்சியிருக்கும்."

வக்கீல் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கசக்கிறது. வக்கீல் வந்துபோனது கட்சி ஆபீசுக்கு எட்டியது. விசாரணை என்று என் கணவரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்களாம்: துரோகியை வீட்டுக்குள் விட்டது ஏன், அவரிடம் என்ன வாங்கினாய். ஒன்றுமில்லை என்று இவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனிமனிதனைவிடக் கட்சி பெரிது என்று சொல்லி நீக்கினார்கள். அதே வார்த்தையை இவர் எத்தனையோ தடவை என்னிடம் பெருமையாகச் சொன்னவர்.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியும் வாசலுக்கு வந்து ஏழைகள், சோஷலிசம் என்று ஒரே மாதிரி பேசின. இவர் ஓட்டுப்போட வரமாட்டேன் என்றுவிட்டார். நான் மட்டும் போனேன். எந்தச் சின்னத்திலும் முத்திரை குத்தாமல் சீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டேன்.