டெல்லிக்குப் போன மருந்துச் சீசா

எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் டெல்லிக்குப் போனது ஒரு மருந்துச் சீசா. மனிதர்களில் யாரும் அதுவரை தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. அந்தச் சீசாவைக் கெடுத்தவள் நான். 

திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போகும் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடந்தால் எங்கள் தெரு. சுற்றிலும் இருந்த வயல் எல்லாம் ஒரே பண்ணைக்குச் சொந்தம். நாங்கள் குடியிருந்த மனையும் பண்ணையுடையதுதான். அந்த வருஷம் அறுப்புக் கூலித் தகராறு. வெளியூர் ஆட்களை இறக்கினார்கள்; எங்கள் ஆட்கள் வயலில் கொடி நட்டார்கள்; களத்துமேட்டில் போலீஸ் கூடாரம் போட்டது. அப்பா சாப்பிடும்போதுகூட வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். ஒரு நாய் குரைத்தால் தெருவே எழுந்து நிற்கும். வயல் வேலையை எல்லாரும் நிறுத்தியிருந்தாலும், மாடு நமக்கு என்ன பகை என்று அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் பண்ணையின் மாட்டுக் கொட்டகைக்கு மட்டும் போய்வந்தார்கள். நான் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம் எம்.பி. வந்தார். வந்தார் என்றால் காரில் இல்லை. மாமாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன்; சங்கத்துக் கொடியைப் பிடிப்பது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் அவர்தான். எம்.பி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மசிக் கறை. இவர்தான் எம்.பி. என்று மாமா இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கட்சி சென்னையிலும் ஆளவில்லை, டெல்லியிலும் ஆளவில்லை. அதனால் ஆளுங்கட்சி எம்.பி. என்றால் கேட்டதை வாங்கி வருவார், இவர் கேட்டுவிட்டு மட்டும் வருவார் என்று பெரியப்பா குத்தலாகச் சொன்னார். எம்.பி. கோபப்படவில்லை. கேட்பதுதான் தன் வேலை என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஒரு விஷயத்தை விளக்கினார். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அங்கே பேச நேரம் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தால் இரண்டு நிமிஷம். அதற்கு மேல் போனால் மணி அடித்து உட்காரச் சொல்லிவிடுவார்கள். அதனால் பத்து விஷயம் வேண்டாம், ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அதை முழுசாகச் சொல்கிறேன் என்றார்.

ஒரே ஒரு விஷயம் என்றதும் தெரு இரண்டாக உடைந்தது. கூலி என்றார்கள் ஒரு பக்கம். குடியிருக்கும் மனை என்றார்கள் இன்னொரு பக்கம். பெரியப்பா சுடுகாட்டுப் பாதை என்று தனியாக நின்றார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. போலீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. கூட்டத்தில் அம்மா பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கூலிய சங்கத்துல கேக்குறீங்க. மனைய தாசில்தார்கிட்ட கேக்குறீங்க. தண்ணிய இதுவரைக்கும் யாரு கேட்டா?"

 அந்த வருஷம் சித்திரையில்தான் வாந்தி பேதியில் தம்பி போயிருந்தான். எங்கள் தெருவுக்கு ஒரே குளம். அதில்தான் துவைப்பது, குளிப்பது, மாடு கழுவுவது. அதையே குடத்தில் மொண்டு, முந்தானையில் வடிகட்டிக் குடிப்போம்.

அம்மா உள்ளே போய் ஒரு சீசாவை எடுத்து வந்தாள். அப்போதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனால் சீசா நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ரோஸ் கலர் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரிய, காகிதத்தை ஏணிப்படி மாதிரி வெட்டிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டித் தருவார். தம்பிக்கு வாங்கிய மருந்தில் மூன்று படிதான் இறங்கியது. மிச்சத்தை அம்மா எப்போது கொட்டினாள் என்று தெரியாது. சீசா மட்டும் கூரை எறவானத்தில் செருகி இருந்தது.

"இதுல நம்ம குளத்துத் தண்ணிய எடுத்துட்டுப் போய் அவங்களுக்குக் காட்டுங்க. ஆனா சீசா திரும்பி வரணும்" என்றாள் அம்மா. டெல்லி வரை போகிறவரிடம் போய்ச் சீசாவுக்குக் கணக்குப் பார்க்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் தஞ்சாவூர் போய் ரயில் ஏற வேண்டும். பக்கத்து ஊரில் தங்கிக்கொள்வதாகவும், காலையில் தண்ணீரை ரோட்டுக்கு அனுப்பி வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் போனால் போலீஸ் கூடாரத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அதனால் என்னிடம் கொடுத்தார்கள். அம்மா விடியற்காலையில் குளத்தில் இறங்கி நிறைய மொண்டு, தக்கையை அழுத்தி மூடி என் பாவாடை மடிப்பில் செருகிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் சீசாவை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர். அதற்குள் சிவப்பாக நூல் மாதிரி ஒரு புழு வளைந்து நெளிந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டெல்லியில் மந்திரிகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சீசா கை மாறும், ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு ஆள் வந்தாலே அம்மா மூன்று தடவை வடிகட்டித்தான் தண்ணீர் கொடுப்பாள். கொடுத்துவிட்டுக் கலங்கலாக இருக்கிறது, கோவிச்சுக்காதீங்க என்பாள். இதை வடிகட்டக்கூட இல்லையே. யார் வீட்டுத் தண்ணீர் என்று அவர்கள் கேட்டால் எம்.பி. எங்கள் பெயரைத்தானே சொல்லுவார்?

வழியில்தான் பண்ணையின் மாட்டுக் கொட்டகை. அங்கே ஒரு கேணி உண்டு. அதன் கிட்டே நாங்கள் போகக்கூடாது, போனதில்லை. ஆனால் கேணித் தண்ணீரை இறைத்து மாடுகளுக்கு ஊற்றும் சிமெண்டுத் தொட்டி கொட்டகைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதைத் தினமும் தேய்த்துக் கழுவுவது அம்மா. நானும் கூடப் போய்த் தேய்த்திருக்கிறேன். அன்றைக்கு அது விளிம்பு வரை நிறைந்திருந்தது. அடியில் கிடந்த ஒரு வைக்கோல் துரும்புகூடத் தெரிந்தது.

நான் சீசாவைக் கவிழ்த்தேன். புழு மண்ணில் விழுந்து துள்ளியது. இரண்டு தடவை அலசி, தொட்டியில் முக்கி நிரப்பினேன். ஒரு வெள்ளைப் பசு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. தக்கையை அடைத்துக்கொண்டு ரோடு வரை ஓட்டம்தான். எம்.பி. சீசாவைப் பார்க்கக்கூட இல்லை. துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நன்றாக மூடியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

அதற்குப் பிறகு தெரு முழுக்கக் காத்திருந்தது. மாமா தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருத்துறைப்பூண்டி டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்குவார். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. ஒரு நாள் பேப்பரையே கையில் கொண்டுவந்தார். ஆனால் படிக்கவில்லை. பெரியப்பாதான் பிடுங்கி என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். உறுப்பினர் ஒரு சீசாவைத் தூக்கிக் காட்டினாராம். கூலிக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் இது என்றாராம். அமைச்சர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவான தண்ணீர் டெல்லியில் எனக்கே கிடைப்பதில்லையே என்று பதில் சொன்னாராம். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை இருந்தது. சிரிப்பு. நான் அதையும் சத்தமாகப் படித்தேன். படித்த பிறகுதான் அது நான் மாற்றிய தண்ணீர் என்று எனக்கு உறைத்தது.

மறுநாளே பண்ணைக் காரியக்காரர் தெரு முனையில் நின்று, "என்னடா, உங்க குளத்துத் தண்ணி டெல்லிக்குப் போயி குளிச்சி முழுகிட்டு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சீசாவுக்குள் மண் அடியில் தங்கியிருக்கும் என்றார்கள் சிலர். பொம்பளைப் பேச்சைக் கேட்டு இரண்டு நிமிஷத்தை வீணாக்கினோம், கூலியையே கேட்டிருக்கலாம் என்றார்கள் பலர். அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார்கள். அம்மா குளத்தங்கரையில் போய் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அம்மாவின் பின்னாலேயே நடப்பேன். அவள் திரும்பினால் வேறு பக்கம் ஓடிவிடுவேன். பள்ளிக்கூடத்திலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாத்தியார் இரண்டு நாள் வெளியே நிறுத்தினார். அதுவே நல்லதாக இருந்தது, நின்றுகொண்டே இருக்கலாம்.

எம்.பி. மறுபடி வந்தார். இந்தத் தடவையும் சைக்கிள் கேரியர்தான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நேரே குளத்துக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார். பையிலிருந்து சீசாவை எடுத்தார். அதைக் கையிலிருந்த தண்ணீரோடு வைத்துப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. சீசாவை ரோட்டுக்கு யார் கொண்டுவந்தது என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"இது எந்தத் தண்ணிம்மா?"

"மாட்டுத் தொட்டி."

"யார் வீட்டு மாடு?"

"பண்ணை மாடு."

"ஏம்மா மாத்தினே?"

"அழுக்குத் தண்ணிய எப்படி அவங்களுக்குக் குடுக்குறது?"

அப்பாவின் கை ஓங்கியது. எம்.பி. அந்தக் கையைப் பிடித்து அப்பாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். நான் சொன்னது நாலு வார்த்தை. அவர் வெகுநேரம் எழுதினார்.

எழுதி முடித்ததும் அம்மாவிடம் கேட்டார். இதை அங்கே சொன்னால் ஊர்ப் பெயர் சொல்லாவிட்டாலும் பண்ணைக்குத் தெரிந்துவிடும்; கொட்டகை வேலை போய்விடும்; சொல்லட்டுமா, வேண்டாமா? அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கொட்டகை வேலையால்தான். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. சீசாவை வாங்கி, தொட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, குளத்தில் இறங்கி மொண்டு, தன் கையாலேயே அவரிடம் கொடுத்தாள்.

"சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த தடவை பேப்பரில் வந்ததை மாமாவே படித்தார். போன முறை நான் காட்டியது மாட்டுக்கு வைக்கிற தண்ணீர், அமைச்சர் பாராட்டியது சரிதான் என்றாராம் எம்.பி. இன்று கொண்டுவந்திருப்பது அந்த மாடுகளைக் குளிப்பாட்டுகிறவர்கள் குடிக்கிற தண்ணீர் என்று சொல்லிவிட்டு, இரண்டு நிமிஷம் முடியும் முன்பே அவர் உட்கார்ந்துவிட்டாராம். சிரிப்பு என்று எங்கேயும் போடவில்லை என்று மாமா எல்லாரிடமும் பேப்பரை நீட்டிக் காட்டினார். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. மாட்டுத் தொட்டியில் நான் கை வைத்தது டெல்லி வரை தெரிந்துவிட்டதே என்று நாலு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அந்த வாரத்தோடு அம்மாவின் கொட்டகை வேலை நின்றது. அதற்குப் பிறகு பல நாள் ஒரு வேளைதான் சாப்பாடு.

அறுப்பு முடிந்து கோடை வந்தபோது ஒரு லாரியில் குழாய்களும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். எங்கள் தெரு நடுவில் துளை போட்டு அடிபம்பு வைத்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் மைக்செட் கட்டி, மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள். தலைவர்கள் பெயர் எல்லாம் பலகையில் இருந்தது. எம்.பி. பெயரை யாரும் எடுக்கவில்லை. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆனால் திறப்பு முடிந்ததும் முதல் சொம்பு தண்ணீர் குடித்தது அவர்தான்.

ஒரு வாரம் கழித்து எம்.பி.யிடமிருந்து என் பெயருக்கே ஒரு கார்டு வந்தது. தண்ணீர் வருகிறதா, உப்புக் கரிக்கிறதா, எத்தனை பேர் குடிக்கிறீர்கள், எழுது என்று கேட்டிருந்தார். கரிக்கவில்லை என்று எழுதிப் போட்டேன். அதன் பிறகு ஒரு நாள் மாமா துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். சீசா. உரிந்துபோயிருந்த காகித ஏணியை யாரோ பசை தடவித் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

அம்மா அதை அடிபம்பில் கழுவினாள். நான் பம்பு அடிக்க, கழுத்து வரை பிடித்துக்கொண்டாள். வாய்க்கால் கரையில், நொச்சிப் புதர் ஓரமாகத் தம்பியைப் புதைத்த இடத்துக்கு நடந்தாள். நானும் ஓடினேன். அங்கே உட்கார்ந்து சீசாவைச் சாய்த்தாள். காகித ஏணியில் ஒரு படி இறங்கியதும் நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் இருந்தாள். மறுபடி ஒரு படி. மறுபடி நிமிர்த்தினாள். மண் உடனுக்குடன் குடித்துக்கொண்டிருந்தது.

"நல்ல தண்ணிய ஏம்மா கீழ ஊத்துறே?" என்று கேட்டேன்.

அம்மா கடைசிப் படியும் தீர்ந்ததும் சீசாவை என்னிடம் நீட்டி, இன்னும் ஒரு தடவை பிடித்துவரச் சொன்னாள். எனக்குப் பம்பு அடிக்க இன்னொரு சாக்கு கிடைத்தது. நான் ஓடினேன்.