ஜன்னலை அடைத்த ரயில் பெட்டி

என் அக்காவின் கணவர் வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை தெரிகிற இடத்தில் ஓட்டல் கட்டினார். லண்டனில் பூமிக்கடியில் முதன்முதலாக ஓடிய மின்சார ரயிலின் பெட்டி மாதிரி சாப்பாட்டுக் கூடம் வேண்டும் என்றார். போனில் படம் பார்த்திருந்தார். குடும்பத்தில் கட்டடக் கலை படித்தவள் நான்தான். வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். சுரங்கம் வட்டமாக, குறுகலாக இருந்ததால் கூரையை வளைத்திருந்தார்கள். இரு பக்கமும் நீள இருக்கை, தலை உயரத்துக்கு மெத்தை முதுகு. சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஜன்னலைக் கூரையோரம் சின்னக் கீற்றாக வைத்துவிட்டார்கள். ஊழியர் கூவினால்தான் எந்த நிலையம் என்று தெரியும். பைத்தியக்காரர்களை அடைக்கும் மெத்தைச் சுவர் அறை என்று பயணிகள் ஏசினார்கள். அடுத்துச் செய்த பெட்டிகளில் பெரிய ஜன்னல் வந்தது.

நான் தகரத்தில் அந்த வளைந்த கூரையையும் நீள இருக்கையையும் அப்படியே வைத்து, மலைப் பக்கம் பெரிய ஜன்னல்கள் வரைந்தேன்.

"இன்னா இது, டவுன் பஸ் மாதிரி கீது?"

"அவங்க இருட்டுல ஓட்டுனாங்க மாமா. இந்தத் தகரத்துல ஜன்னல் இல்லன்னா உள்ள இருக்கறவங்க வெந்து பூடுவாங்க."

"நாலு எழுத்து படிச்சிக்கினு வந்து எனக்கே சொல்லித் தர்றியா?"

மாற்றி வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வெல்டரிடம் சொல்லி ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்தார்.

திறப்பு விழா சித்திரை வெயிலில். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். பிரியாணி வைப்பதற்குள் அவர் பேத்தி அழ ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, அடுப்புக்குள்ள உக்கார வெச்சிட்டீங்க?" என்று எழுந்து வெளியே போனார். பின்னாலேயே எல்லோரும் தட்டோடு புளிய மரத்தடிக்குப் போனார்கள்.

மாமா என்னைக் கைகாட்டினார். "எல்லாம் இவ போட்ட பிளானுங்க!"

நான் விடவில்லை. "அடைச்சது யாரு மாமா? இவ்ளோ பேர் முன்னாடி சொல்லுங்க."

அக்காதான் சொன்னாள்: "நீங்கதான். அவ வாணாம்னா."

அவர் தண்ணீர் கேனை எட்டி உதைத்துவிட்டு உள்ளே போனார்.

ஆடிக்குள் தகடுகளை வெட்டி எடுத்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லையாம். ஜன்னல் தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். நானும் அவரும் பேசுவதில்லை. அவர் ஓட்டலுக்குக் கிளம்பிய பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்கிறாள்.