இத்தோவின் கால்

என் தங்கை இத்தோவுக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. கணவன் இறந்ததும் ஆப்பிள் தோப்பில் தன் பங்கை மைத்துனர்களிடம் போராடி வாங்கினாள். ஏணி ஆண்களுக்கு, கீழே பொறுக்குவது பெண்களுக்கு என்று இருந்த எங்கள் மிதெல்த் ஊர்த் தோப்புகளில் ஏணியையும் வாங்கினாள், ஆண்களின் கூலியையும் வாங்கினாள். முறிந்த கால் சேர்ந்தபின் அதே ஏணியில் மறுபடி ஏறினாள். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் ஜெயித்தது பக்கத்திலேயே இருந்த எனக்குத்தான் முழுதாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

2018 செப்டம்பர். ஏணிப்படி உடைந்து இத்தோ விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எங்கள் மலைப்பக்கத்தில் எலும்பு முறிந்தால் முதலில் கட்டுக்காரரிடம்தான் போவோம். அவர் முட்டை வெள்ளையில் மாவைக் குழைத்துப் பூசி, நாணல் தப்பைகள் வைத்து இறுக்கிக் கட்டினார். பாதம் வீங்கிக் கறுத்தது. பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அந்தக் கால்கட்டை வெட்டிப் பிரித்தவள் புஷ்ரா என்ற நர்ஸ். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"முட்டையும் மாவுமா? அடுப்புல வச்சிருந்தா ரொட்டியாவது கிடைச்சிருக்கும். எல்லாத்தையும் கெடுத்துட்டு எங்க தலையில கட்ட வந்துடுங்க! மலைக்காரங்களுக்கு எப்பதான் புத்தி வருமோ."

அரபியில்தான் சொன்னாள். வீட்டில் நாங்கள் பேசுவது மலைமொழி; ஆனால் சந்தையில் பழகிய இத்தோவுக்கு அரபி என்னைவிட நன்றாக வரும். அவள் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வீக்கம் வடிந்த பிறகே அறுவை என்றார்கள். கால் நேராகுமா, மறுபடி ஏணி ஏற முடியுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் "டாக்டர் சொல்லுவார்" என்றார்கள். டாக்டர் ஸெப்தி வந்தால் கட்டிலைத் தாண்டி என்னைப் பார்த்தே பேசினார்.

பக்கத்துக் கட்டிலுக்கு லல்லா நுஸ்ஹா வந்தாள். பத்திரம் எழுதும் நோட்டரியின் மனைவி. 'லல்லா' என்றால் அம்மணி என்பதுபோல மரியாதைச் சொல். குளியலறையில் வழுக்கி அவளுக்கும் அதே எலும்பு. "லல்லா, வலிக்குதா? லல்லா, தலையணையை உயர்த்தட்டுமா?" என்று புஷ்ரா குழைந்தாள். நுஸ்ஹா கூப்பிட்டால் வலி ஊசி உடனே வந்தது. இத்தோ கூப்பிட்டால், "ஏம்மா, ஒனக்கு மட்டுமா வலி?" என்ற குரல் மட்டும் நடைவழியிலிருந்து வந்தது.

காலின் வலியை இத்தோ பல்லைக் கடித்துப் பொறுத்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, பாத்தியா? அவளுக்குப் போர்வைய உதறிப் போடுறா."

"திரும்பிப் படுடி."

"கால் கட்டியிருக்கு, எப்படித் திரும்ப?"

நுஸ்ஹா வீட்டிலிருந்து பாதாம் பிஸ்கட் வந்தது. ஒரு தட்டு இத்தோவுக்கும் நீட்டினாள். "பசியில்லை" என்றாள் இத்தோ. பசியோடுதான் இருந்தாள், காலையில் கொடுத்த பருப்புச்சாறு தண்ணீராக இருந்தது.

அடுத்த நாள் நுஸ்ஹாவின் காலைத் துடைக்கும்போது புஷ்ராவுக்குக் கணுக்காலில் காய்ந்த மாவு தட்டுப்பட்டது.

"லல்லா, நீங்களுமா?"

"என் மாமியார் விடல, புஷ்ரா. வீட்டுக்கே கட்டுக்காரரை வரவழைச்சுட்டாங்க. முட்டை நாத்தம் இன்னும் போகல!"

புஷ்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "யார்தான் போகல, லல்லா? எங்கம்மாவுக்குக் கை சுளுக்கினாக்கூட அங்கதான் ஓடுவாங்க." சொல்லிக்கொண்டே வெந்நீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைத்தாள்.

இத்தோ என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்த நேரத்தில் டாக்டர் வந்தார். நுஸ்ஹாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எங்கே தகடு வரும், எப்போது நடக்கலாம் என்று எல்லாம் சொன்னார். அவள் கேட்டாள், அவர் விளக்கினார், அவளே கையெழுத்துப் போட்டாள். பிறகு எங்கள் பக்கம் வந்து நின்றபடியே என்னிடம் தாளை நீட்டினார். "நாளைக்கு உங்க தங்கச்சிக்குத் தகடு வைக்கிறோம். போடுங்க."

ஐந்து வகுப்புப் படித்தவள் நான். எனக்குக் கையெழுத்து வரும். பேனாவை வாங்கினேன்.

"அக்கா, போடாதே." இத்தோ போர்வையைக் கால்மேல் இழுத்துப் பிடித்தாள். "ஒனக்கு அஞ்சு வகுப்பு இருந்தா என் காலும் ஒனக்குச் சொந்தமா?"

"ஏம்மா, டாக்டருக்கு நேரமில்ல" என்றாள் புஷ்ரா.

இத்தோ அரபிக்கு மாறினாள். வார்டு முழுக்கக் கேட்கிற சந்தைக்குரல். "பக்கத்துக் கட்டில்ல உக்கார நேரமிருந்துச்சே! எனக்கும் முட்டை, அவங்களுக்கும் முட்டை. எங்க கோழி போட்டா ஏச்சு, அவங்க கோழி போட்டா சிரிப்பா? என் படத்தையும் வெளிச்சத்துல காட்டுங்க. காட்டாம என் காலைத் தொடக் கூடாது."

எதிர்க் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நுஸ்ஹா சிவந்துபோய்ச் சுவர்ப்பக்கம் பார்த்தாள். புஷ்ரா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் இல்லாதபோதும்.

டாக்டர் இத்தோவை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் கால் போயிருக்கும். ஆனால் அவர் இத்தோவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். படத்தை எடுத்தார்.

"இங்கதான் உடைஞ்சிருக்கு. கட்டு இறுக்கினதுல தசைக்கு ரத்தம் குறைஞ்சுபோச்சு. தகடு வச்சா நேராகும். ஒரு வருஷம் கழிச்சு எடுத்துடலாம்."

"ஏணி?"

"முதல்ல நடக்கணும். அப்புறம் ஏறலாம். லேசா சாய்ஞ்சு நடப்பீங்க."

'நடப்பீங்க' என்று அவளிடமே சொன்னார். இத்தோ என்னைப் பார்த்தாள், கேட்டாயா என்பதுபோல. பிறகு சம்மதித்தாள். புஷ்ரா மைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். பெருவிரலை ஊன்றும்போது இத்தோவின் கண் நுஸ்ஹாவின் தாளில் இருந்தது. அன்று இரவு தூங்கும்வரை விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

புஷ்ரா அதற்குப்பின் ஏசவில்லை. கூப்பிட்டால் வந்தாள். லல்லா என்று மட்டும் கடைசிவரை கூப்பிடவில்லை. அதையும் இத்தோ கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

குளிர்காலத்தில் பள்ளிவாசலில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியபோது, ஊன்றுகோலோடு முதல் ஆளாகப் போனாள். முன்வரிசைக்காரிகள் சீக்கிரம் எழுதுகிறார்கள் என்று அங்கேயும் வயிறெரிந்தாள். "அவங்களுக்கு ரெண்டு காலும் இருக்கு, அதான் வேகம்" என்றாள். "எழுதறது கையாலதானே?" என்றேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் மாவு தூவிய தட்டிலும் எழுதிப் பார்த்தாள்.

தகடு எடுக்கப் போனபோது அதே வார்டு, அதே புஷ்ரா. தாளை என்னிடம் நீட்டவில்லை, அவளிடமே நீட்டினாள். பழக்கத்தில் மைப்பெட்டியையும் திறந்தாள். இத்தோ அதை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பேனா கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் முழுப்பெயரையும் எழுதினாள். அன்று வியாழக்கிழமை, 2019 நவம்பர் 14.